‘எக்ஸ்ப்ளிசிட்’ குறிக்குத் தமிழில் என்ன போடலாம்?

செ. எழுதியது:
நண்பர்களுக்கு வணக்கம். பாட்காஸ்ட் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறோம், வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ‘எக்ஸ்ப்ளிசிட்’ (explicit) மட்டும் நிற்கிறது. பிள்ளைகள் காதில் விழக் கூடாத பேச்சு உண்டு என்று எச்சரிக்கும் குறி அது. தொடர் முழுமைக்கோ தனிப் பகுதிக்கோ இந்தக் குறியைப் போடலாம். போட்டால் தலைப்புக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் எழுத்து தெரியும். பழைய கோப்பில் ‘வெளிப்படையானது’ என்றிருக்கிறது. படிப்பவர், ஒளிவுமறைவில்லாத பேச்சு என்று பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வார்.

நா.:
சொல் ஏற்கெனவே இருக்கிறது. தொல்காப்பியம், எச்சவியல்: ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’. அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்துச் சொல்ல வேண்டும் என்பது பொருள். அந்தச் சொல்லே கெட்டது என்று தொல்காப்பியர் சொல்லவில்லை, அவைக்கு ஆகாது என்கிறார். கூட்டாளிகளுக்குள் சரளமாக வரும் சொல் பிள்ளைகள் கேட்கும் நிகழ்ச்சியில் ஆகாது. குறி சொல்வதும் அதைத்தானே? ‘அவையல்’ என்றே போடுங்கள். எழுத்து ‘அ’.

ம.:
ஐயா, பின்னிருக்கையில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு நொடி திரையைப் பார்க்கிறவருக்கு எச்சவியல் நினைவுக்கு வராது. ‘அ’வைப் பார்த்தால் ‘அனைவருக்கும்’ என்றுகூட நினைப்பார், நேர்மாறாகிவிடும். ‘வசவு உண்டு’ போதும்.

நா.:
வசவு வசையிலிருந்து வந்தது. வசை என்றால் கெட்ட வார்த்தையா? ‘வசையொழிய வாழ்வாரே வாழ்வார்’ என்ற குறளில் அது பழி, இசைக்கு எதிர்ச்சொல். வைதல் என்ற வினையோடும் அதற்கு உறவு உண்டு என்பது என் எண்ணம். வை, வைவு, வசவு என்று வைத்துப் பாருங்கள்.

ம.:
வைவிலிருந்து வசவுக்குச் சகரம் எப்படி வந்தது? அதைத் தனி இழையில் பேசுவோமே. வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

இ.:
‘கொச்சை’ என்று யாரும் சொல்வதற்கு முன்னால் என் மறுப்பு. பேச்சுத் தமிழையே கொச்சை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. வட்டார வழக்கில் பேசுகிறவர் தலையில் அந்த முத்திரை விழக் கூடாது.

இன்னொன்று. சொல்லின் நடுவில் ‘பீப்’ போட்டு, முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் விட்டுவைக்கிறார்கள். கேட்பவர் மனம் மீதியை நிரப்பிக்கொள்கிறது. இந்த இடக்கரடக்கலுக்குக் குறி வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்பேன், பிள்ளை அடுத்துக் கேட்கப்போவது ‘அது என்ன சொல்?’ என்றுதான்.

நா.:
அடுத்த நூற்பாவையும் பாருங்கள்: ‘மறைக்குங் காலை மரீஇயது ஒராஅல்’. வழக்கில் ஊறிப்போனதை மறைக்க வேண்டியதில்லை. பலர் வாயில் சில வசவுகள் வெறும் அசைச்சொல்லாகிவிட்டன. அவற்றுக்கும் குறி போடுவதா?

ம.:
எந்த அவையில் ஊறியது என்பதுதான் கேள்வி. பேசுகிறவருக்கு அசையாக இருப்பது கேட்கிறவருக்கு அறையாக விழலாம். கேட்பவர் பக்கம் நின்று முடிவெடுப்போம்.

செ.:
தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் ‘வசைமொழி உண்டு’ பக்கம். எழுத்து ‘வ’. அதையே அனுப்புகிறேன்.

இ.:
நான் உடன்படவில்லை. பாலியல் பேச்சுக்கும் இதே குறிதான் போடுகிறார்கள். உடலுறவு பற்றி ஒரு மருத்துவர் நிதானமாக, மரியாதையாக விளக்கும் பகுதிக்கும் ‘வசைமொழி உண்டு’ என்று விழும். அவர் யாரை வைதார்?

நா.:
‘அவையல்’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

செ.:
அனுப்பிவிட்டேன் ஐயா. அடுத்த பதிப்பில் பார்ப்போம்.