பைப் மேல சுத்தியிருந்த உறையை உடைச்சுட்டேன், ஆஸ்பெஸ்டாஸா இருக்குமோன்னு பயமா இருக்கு

மச்சுவீடு82:
எல்லாருக்கும் வணக்கம். பழைய வீடு ஒண்ணு வாங்கி எட்டு மாசம் ஆச்சு, 1960கள்ல கட்டினது. போன சனிக்கிழமை பாத்ரூம் வேலையை நானே பார்த்துக்கலாம்னு ஒரு அசட்டு தைரியத்துல ஆரம்பிச்சேன். சுவத்தோரமா போற சுடுதண்ணி பைப் மேல மாவுக்கட்டு போட்ட கை மாதிரி வெள்ளையா ஒரு உறை, அதுக்கு மேல பெயிண்ட் வேற. லேசா தட்டினதுக்கே பொலபொலன்னு உதிருது. ஒரு முழம் அளவுக்கு உதிர்த்ததுக்கு அப்புறம்தான் கவனிச்சேன், உடைஞ்ச ஓரத்துல நைஞ்ச துணி மாதிரி நார் நாரா நீட்டிக்கிட்டு இருக்கு. போட்டோ எடுத்து ஃப்ரெண்டுக்கு அனுப்பினா "டேய் மொதல்ல வெளிய வாடா"ன்னு கத்துறான். அதுக்குள்ள நான் விளக்குமாறால கூட்டி, வாக்குவம் கிளீனரும் போட்டு முடிச்சுட்டேன். நாலு வயசு பொண்ணு வாசல்ல நின்னு எட்டிப் பார்த்துட்டு இருந்தா. அதை நினைச்சு ரெண்டு ராத்திரியா தூக்கமே இல்ல.

வீட்டை காலி பண்ணணுமா? எங்களுக்கு ஏதாவது டெஸ்ட் எடுக்கணுமா? நாளைக்கு இந்த வீட்டை விக்க முடியுமா? வித்தவர் இதைப் பத்தி மூச்சு விடல. ஹால்ல கார்ப்பெட்டுக்கு அடியில 9 இன்ச் சதுர டைல்ஸ் வேற இருக்கு, அதுலயும் இருக்கும்ங்கறாங்களே?

தூசிமேஸ்திரி:
தம்பி, கட்டடங்கள்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கான்னு பார்க்கற சர்வே வேலையில 14 வருஷம் இருந்தவன் சொல்றேன், பதறாதீங்க, ஆனா இன்னிக்கே சில வேலை இருக்கு. அந்த ரூமை சாத்தி கதவு இடுக்கு முழுக்க டேப் ஒட்டுங்க. உள்ள ஃபேன், ஏசி எதுவும் ஓடக்கூடாது. வாக்குவம் கிளீனரை எக்காரணம் கொண்டும் திறக்காதீங்க, சாதா ஃபில்டர்ல இந்த நார் நிக்காது, முன்னாடி இழுத்து பின்னாடி வழியா ரூம் பூரா ஊதிவிட்டுடும். அப்படியே கெட்டியான பாலித்தீன் கவர்ல போட்டுக் கட்டி, அந்த ரூம்லயே வைங்க. அன்னிக்கு போட்டிருந்த சட்டையை உதறாம ஈரம் பண்ணி அதையும் கட்டுங்க.

அது ஆஸ்பெஸ்டாஸ்தானான்னு போட்டோ பார்த்து யாராலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது. லேப்ல போலரைஸ்டு லைட் மைக்ராஸ்கோப்ல பார்க்கணும். சாம்பிளை நீங்களே எடுக்க வேண்டாம், ஆள் வந்து ஈரம் பண்ணி எடுக்கட்டும். ஆனா அந்தக் காலத்து பைப் உறைன்னா ரிசல்ட் வர்ற வரைக்கும் இருக்குன்னே வெச்சு நடந்துக்கங்க. தமிழ்ல இதுக்கு கல்நார்னு பேர், கல்லு மாதிரி தீ பிடிக்காது, நார் மாதிரி நெய்யலாம், சூடான பைப்புக்கு அதைவிட வசதியா வேற எதுவும் அன்னிக்கு தோணல.

டைல்ஸ் கதை வேற. அந்த 9 இன்ச் டைல்ஸ்லயும் அடியில இருக்கற கறுப்பு பசையிலயும் நிறைய வீட்ல இருக்கும், ஆனா நார் உள்ளேயே இறுகி உட்கார்ந்திருக்கும். கூரை சிமெண்ட் ஷீட்டும் அப்படித்தான், பொதுவா 10-15 சதவீதம் நார், மிச்சம் சிமெண்ட். உடைக்காம, தேய்க்காம, துளை போடாம இருந்தா பெருசா ஒண்ணும் வெளிய வராது. மேலயே புது ஃப்ளோரிங் போட்டுட்டு விட்டுடலாம். உங்க பைப் உறை விரல்ல நசுக்கினாலே பொடியாகுதே, பிரச்சனை அங்கதான்.

சும்மாஇரு:
எதுக்குங்க இப்படி பீதி கிளப்புறீங்க? எங்க தாத்தா ஷீட் போட்ட வீட்லயே 88 வயசு வரைக்கும் ஜம்முனு இருந்தார். ஒரு மாஸ்க்கை மாட்டிக்கிட்டு எல்லாத்தையும் பேத்து குப்பையில போட்டுட்டு வேலையைப் பாருங்க.

வெள்ளைக்கோட்டு:
சும்மாஇரு சார், தாத்தா ஷீட்டுக்கு அடியில இருந்தார், ஷீட்டை அறுக்கல. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் ஐஏஆர்சி, அதாவது உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புற்றுநோய் வர வைக்கறதுன்னு முதல் குரூப்ல வெச்சிருக்கு. பிரிட்டன் 1999ல, ஆஸ்திரேலியா 2003 கடைசியில தடை பண்ணிச்சு, அமெரிக்கா கிரைசோடைல்ங்கற வெள்ளை வகையை தடை பண்ணினதே 2024லதான். சர்ஜிக்கல் மாஸ்க் இதுக்கு பிரயோஜனமே இல்ல. சாதா குப்பையில போட்டா குப்பை அள்றவங்க நுரையீரலுக்குப் போகும்.

மச்சுவீடு, நான் ஆஸ்பத்திரியில நுரையீரல் வார்டு நர்ஸ். மீசோதீலியோமா (நுரையீரலைச் சுத்தி இருக்கற உறையில வர்ற கேன்சர்), ஆஸ்பெஸ்டோசிஸ் (நாரால நுரையீரல் தழும்பாகி இறுகறது)னு வர்றவங்க பெரும்பாலும் வருஷக்கணக்கா இந்த வேலையிலயே கிடந்தவங்க, இல்லன்னா அவங்க வேலை சட்டையை உதறித் துவைச்ச வீட்டு பொம்பளைங்க. எவ்வளவு மூச்சுல போச்சு, எத்தனை நாள் போச்சுங்கறதைப் பொறுத்துதான் ரிஸ்க். இந்த அளவு வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு கோடு யாரும் போடல, அதுக்காக ஒரு நாள் கூட்டினதுக்கு நோய் வந்தே தீரும்னும் இல்ல, உங்களுக்கும் பாப்பாவுக்கும் அந்த ஒரு நாளால கூடற ரிஸ்க் ரொம்ப குறைவு. நோய் வந்தாலும் 20, 30, 40 வருஷம் கழிச்சுதான் தலைகாட்டும், அதனால இப்ப எக்ஸ்ரே எடுத்தா எதுவும் தெரியாது, குழந்தைக்கு வீணா எடுக்காதீங்க. டாக்டர்கிட்ட தேதி போட்டு ஃபைல்ல எழுதச் சொல்லுங்க. சிகரெட் பழக்கம் இருக்கா? இருந்தா இன்னிக்கே விடுங்க, ரெண்டும் சேர்ந்தா நுரையீரல் கேன்சர் ரிஸ்க் தனித்தனியா இருக்கறதைவிட பல மடங்கு எகிறும்.

ரெண்டுவீடுவித்தவன்:
விக்கறதைப் பத்தி யாரும் சொல்லலையே. ஆஸ்பெஸ்டாஸ் இருந்த வீட்டைத்தான் நான் வித்தேன், அப்படியே தெரிவிச்சு வித்தேன். லேப் ரிப்போர்ட், எந்த ரூம்ல எங்க இருக்குன்னு ஒரு பிளான், ஆஸ்பெஸ்டாஸை எடுத்தவங்க கொடுத்த பேப்பர், எல்லாம் ஒரே ஃபைல். வாங்க வந்தவர் பேரம் பேசினார்தான், ஓடிப் போகல. எனக்கு வித்தவர் மறைச்சதுனால எங்க ப்ளம்பர் தெரியாம அறுத்தார், அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறல. இனிமே யார் டிரில் தூக்கிட்டு வந்தாலும் முதல்ல அந்த பிளானைக் காட்டுங்க. வித்தவர் மேல கேஸ் போடலாமா, ஓனரே எடுக்கலாமா, இன்சூரன்ஸ் வருமா, இதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும், உங்க ஊர் சட்டத்தையும் பாலிசி பேப்பரையும் படிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, டெஸ்ட் பண்றவரும் எடுக்கறவரும் ஒரே ஆளா இருக்க வேண்டாம். எடுத்து முடிச்சதும் காத்துல நார் இருக்கான்னு பார்க்கற டெஸ்ட்டை தனி ஆளை வெச்சு எடுங்க, அந்த ரிப்போர்ட் கையில வராம டேப்பைப் பிரிக்காதீங்க.

மச்சுவீடு82:
அப்டேட். ரிப்போர்ட் வந்துடுச்சு. பைப் உறை அமோசைட், ப்ரவுன் வகையாம். டைல்ஸ்ல கிரைசோடைல், அதை அப்படியே விட்டுட்டு மேல புது ஃப்ளோரிங் போடறோம். பைப்பை எடுக்க லைசென்ஸ் ஆளுங்க வர்ற வியாழக்கிழமை வர்றாங்க, வாக்குவம் கிளீனரையும் அவங்களே கொண்டு போயிடுவாங்களாம். வெள்ளைக்கோட்டு அக்கா, உங்க பதிலைப் படிச்ச அன்னிக்குதான் தூங்கினேன், ரொம்ப தேங்க்ஸ். சிகரெட் பாக்கெட்டை வீட்டுக்காரி எடுத்து எங்கயோ போட்டுட்டா. ஒரு சின்ன சந்தேகம், அன்னிக்கு அந்த ரூம்ல கொடியில ரெண்டு டவல் தொங்கிட்டு இருந்துச்சு, துவைச்சு யூஸ் பண்ணலாமா?

தூசிமேஸ்திரி:
வேண்டாம் தம்பி. மெஷின்ல போட்டா மத்த துணியிலயும் ஒட்டும். வியாழக்கிழமை வர்றவங்ககிட்ட சொல்லுங்க, வாக்குவத்தோட சேர்த்து அதையும் கட்டிடுவாங்க.