கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இலங்கைப் பக்கத்து ஆட்களோடு பேசியிருக்கிறீர்களா?

என் அனுபவத்தை முதலில் சொல்கிறேன். சொந்த ஊர் தங்கச்சிமடம். மாமா விசைப்படகில் டிரைவராக இருந்தவர். 2019 திருவிழாவுக்குப் போனேன், அதுதான் முதல் தடவை.

பெயர்ப் பதிவு, போலீஸ் தடையில்லாச் சான்று, ஜெட்டியில் பையைப் பிரித்துக் காட்டுவது எல்லாம் முடிந்துதான் படகேற்றினார்கள். பாஸ்போர்ட் மட்டும் வேண்டாம். தீவை அந்தப் பக்கம் விட்ட 1974 ஒப்பந்தத்திலேயே, நம் மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போல வந்து போகலாம், விசா கேட்கக் கூடாது என்று ஐந்தாவது ஷரத்து இருக்கிறது. படகில் ஒரு பெரியவர், "சேதுபதி ஜமீன் சொத்துடா இது" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கும் உள்ளூர ஒரு மிதப்புதான்.

இறங்கிப் பார்த்தால் 285 ஏக்கர் முள்ளும் மணலும். குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. அந்தோணியார் கோயிலை விட்டால் ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி தேர்பவனி முடிந்து மணலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இலங்கை நெடுந்தீவுக்காரர் ஒருவர், அறுபது வயது இருக்கும். பருத்தித்துறை வடையை நீட்டி, "தம்பி எவடம்?" என்றார். ஊரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "றோலரோ, சின்னப் படகோ?"

றோலர் என்று அவர்கள் சொல்வது கடலடியில் மடி இழுக்கும் எங்கள் விசைப்படகைத்தான். மாமா விசைப்படகு என்றேன். போனை எடுத்து ஒரு படம் காட்டினார். முற்றத்தில் ஒரு குவியல். நண்டு வலை என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. மிதப்புக் கட்டைகள் ஒரு பக்கம், கந்தலாக நூல் ஒரு பக்கம். அந்த வலைக்கு வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை என்றார்.

"உங்கட பெடியள் திங்கள், புதன், சனி வருவாங்கள். அந்த நாளில நாங்கள் வலை போடுறதில்லை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திங்கள், புதன், சனி எங்கள் ஊரில் கடலுக்குப் போக டோக்கன் தரும் நாள். விசைப்படகுக்கு அந்த மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. எங்கள் வீட்டில் மளிகைக்கடைக் கடன் அடைப்பதிலிருந்து அத்தை கோயிலுக்குப் போவது வரைக்கும் அந்தக் கணக்கில்தான் நடக்கும். அதே கணக்கில் கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு அடுப்பெரிக்கிறது என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, மாமாவும் பிடிபட்டு இரண்டு மாதம் அங்கே சிறையில் இருந்தார் என்றேன்.

"எவடத்தில பிடிச்சவங்களாம்?"

"நெடுந்தீவுப் பக்கம்."

"அது என்ர வளவெல்லோ தம்பி" என்று சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

*

எங்கள் வீடு யாழ்ப்பாணத்து வடமராட்சியில், கடற்கரையோடு. 1990இல் எங்கள் குடும்பத்தைத் தனுஷ்கோடியில் கொண்டுபோய் இறக்கிவிட்டது ராமேஸ்வரத்துப் படகுதான். மண்டபம் முகாமில்தான் நான் எழுதப் படித்தேன். ஆகவே உங்கள் ஊரைத் திட்ட எனக்கு வாய் வராது. ஆனால் சொல்லத்தான் வேண்டும்.

போர் முடிந்து ஊர் திரும்பி, அப்பா கடனுக்கு வள்ளமும் இயந்திரமும் எடுத்தார். இரவில் வாசலில் நின்று பார்த்தால் கடலில் ஓர் ஊரே எழும்பி நிற்கிற மாதிரி லைட் தெரியும். இயந்திரச் சத்தம் படுக்கை வரைக்கும் வரும். அப்பா எழும்பி இருந்து பீடி பற்ற வைப்பார். வலை கடலில் கிடக்கும், போய் எடுக்கப் பயம். விடியப் போனால் சில நாள் வலை இருக்கும், சில நாள் கயிறு மட்டும் இருக்கும்.

எங்கள் ஆட்களும் யோக்கியமில்லை. யாழ்ப்பாணத்திலேயே இழுவைமடி வைத்திருந்தவர்கள் உண்டு. 2017இல் சட்டம் போட்டு எல்லாருக்கும் தடை செய்தார்கள். அங்கே ஒருவர் கைதானால் தமிழ்நாடு முழுக்கச் செய்தி. இங்கே வலை அறுந்தால் ஒரு வரி வராது. அதுதான் எங்களுக்கு எரிச்சல். தீவு யாருடையது என்று எங்கள் வீட்டில் ஒருநாளும் பேச்சு வந்ததில்லை.

அந்த நெடுந்தீவு ஐயாவோடு பிறகு கதைத்தீர்களா?

*

நான் பாம்பன், நாட்டுப்படகு. விசைப்படகு இழுத்தால் எங்கள் வலையும்தான் அறுகிறது, அதை யாரும் கேட்பதில்லை. எங்கள் ஆட்களுக்கு, இரண்டு அரசுகளும் 1976இல் எழுதிக்கொண்ட கடிதத்தில்தான் அடி. அந்தக் கடிதப் பரிமாற்றத்தில்தான் ஒரு நாட்டு மீனவன் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று வந்தது. மேடையில் எல்லோரும் 1974ஐப் பற்றியே கத்துகிறார்கள்.

இழுவைமடி விசைப்படகை விட்டு ஆழ்கடல் படகுக்கு மாறும் திட்டம் 2017இல் வந்தது. அப்போதைய கணக்கில் படகு 80 லட்சம், அதில் மத்திய, மாநில அரசுகள் 56 லட்சம் தரும், 16 லட்சம் வங்கிக் கடன், 8 லட்சம் கையிலிருந்து. விசைப்படகு வைத்திருந்த என் அண்ணன் விண்ணப்பம் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டான். சாயங்காலம் வலை போட்டு விடியலில் கரையேறிப் பழகியவன், சூரை பிடிக்க வாரக்கணக்கில் நடுக்கடலில் கிடக்க வேண்டும். அது வேறு தொழில்.

*

வடமராட்சி அக்கா கேட்டதற்கு: பேசினேன். நம்பர் வாங்கி வைத்திருந்தேன். நல்ல நாள், பெருநாளுக்கு ஒரு செய்தி போகும், வரும்.

2024 பிப்ரவரியில் எங்கள் ஆட்களுக்குச் சிறைத் தண்டனை கொடுத்ததைக் கண்டித்து ராமேஸ்வரத்தில் வேலைநிறுத்தம். திருவிழாவையும் புறக்கணித்தார்கள். இந்த முறை வரவில்லை என்று அவருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். குரல் பதிவு வந்தது:

"அப்ப சனிக்கிழமை றோலர் வராதோ? வலை போடலாமோ?"

போடலாம் என்று எழுதினேன்.