ஜாக்கெட் இருந்தும் முழங்கை போனது: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

வாகரை ரோட்டுக்காரன்

போன மாரிக்கு முன்னம் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. சித்தப்பா கட்டாரிலிருந்து கொண்டுவந்த மோட்டார் சைக்கிள் ஜாக்கெட். நல்ல சாமான், தோளிலும் முழங்கையிலும் அடியைத் தாங்குகிற கார்ட் எல்லாம் இருக்கிறது. சித்தப்பா பெரிய உடம்பு, போட்டுக்கொண்டு போன என் தம்பி ஒல்லி. ஓட்டமாவடி தாண்டி ஏ15 வீதியில் இரவில் மாடு எப்படிப் படுத்திருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பிரேக் அடித்துச் சரிந்து, இடது பக்கமாக இழுபட்டுப் போனான். பெரிய வேகமும் இல்லை.

ஆஸ்பத்திரியில் தாதி ஜாக்கெட்டைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது பக்கத்தில் நின்றேன். முழங்கைக் கார்ட் வெளியே வந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. கைத்துணி சுருண்டு மேலே ஏறியதில் கார்ட்டும் புயத்துக்குப் போய்விட்டது, தார் ரோட்டில் உரசியது வெறும் முழங்கை. அந்தப் புதுசு போன்ற கார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தம்பிக்கு இன்றும் கையை முழுதாக நீட்ட ஏலாது.

அளவு பிழைத்து இப்படி வேறு யாருக்காவது நடந்ததா?

காத்தான்குடி ஸ்கூட்டி

தம்பியின் கை குணமாகட்டும், துஆ செய்கிறேன். என்னுடையது விழுந்த கதை இல்லை, கடையில் நடந்தது. நான் தினமும் மட்டக்களப்பு டவுனுக்கு வேலைக்குப் போகிறவள். கொழும்பில் ஒரு கடையில் பெண்களுக்கான அளவு இல்லையென்று ஆண்களுடைய சின்ன அளவைத் தந்தார்கள். நிற்கும்போது சரியாக இருந்தது. அங்கே நின்ற ஸ்கூட்டியில் ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டேன். விற்கிறவருக்கு விருப்பமில்லை. நானா (அண்ணன்) கூட வந்திருந்தபடியால் விடாமல் கேட்டு ஏறினேன்.

ஹாண்டிலைப் பிடிக்கக் கையை நீட்டியதும் ஜாக்கெட் முதுகில் மேலே ஏறியது. தோள் கார்ட் இரண்டும் கழுத்தை நோக்கி வந்து ஹெல்மெட்டின் அடியில் முட்டின. தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியவில்லை. கல்லடிப் பாலத்தில் பின்னுக்கு பஸ் வரும்போது இந்த நிலையில் இருந்தால் என்ற நினைப்பு வந்ததும் உடனே கழற்றிக் கொடுத்துவிட்டேன். நின்றபடி பார்த்து வாங்கியிருந்தால் அது தெரிந்தே இருக்காது.

இப்போது போடுவது உடம்போடு ஒட்டிப் பிடிக்கிற வலைச் சட்டை, கார்ட் அதிலேயே தைத்த பைகளுக்குள் இருக்கும். அதற்கு மேலே அபாயா. இறுக்கமானபடியால் கார்ட் அசையாது. ஆனால் அந்த வலை ரோட்டில் தேய்ந்தால் தாங்காது, அதனால் மேலே தடித்த துணியில் ஒரு கோட் போடுகிறேன்.

கச்சான் காற்று

எல்லோரும் அளவைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆடி மாதம் கச்சான் என்கிற சுடுகாற்று அடிக்கும்போது செங்கலடியிலிருந்து மகாஓயாப் பக்கம் ஒருதரம் போய்ப் பாருங்கள். என் மச்சான் குளிர்நாட்டுக்குத் தைத்த உள்துணி வைத்த ஜாக்கெட்டோடு வந்தான். அளவெல்லாம் சரி. கரடியனாறு தாண்டியதும் அவனுடைய பைக் மெல்ல மெல்ல ஓரம் போனது. இறக்கி மர நிழலில் இருத்தினேன். தொட்டால் உடம்பு கொதிக்கிறது, வியர்வை நின்றுபோய்த் தோல் காய்ந்து கிடக்கிறது. பெயரைக் கேட்டால் வேறு ஏதோ சொல்கிறான். தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி, அவ்வழியால் வந்த வான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்த முகம் எனக்கு மறக்காது.

வாகரைத் தம்பி கேட்பது நியாயம்தான். ஆனால் இந்த வெயிலில் உடம்பு தாங்காத உடுப்பு எந்த அளவில் இருந்தும் பயனில்லை. மெல்லிய முழுக்கைச் சட்டையும் ஹெல்மெட்டும் போதும் என்பது என் எண்ணம்.

சம்மாந்துறை வயல்

கச்சான் அண்ணை, மச்சானுக்கு நடந்ததற்குத் துணிதான் காரணம். அதை வைத்துச் சட்டை போதும் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாதாரணப் பருத்திச் சட்டை தார் ரோட்டில் பட்டவுடனேயே கிழிந்துவிடும். மெஷ் ஜாக்கெட் என்று இருக்கிறது, ஓடும்போது காற்று உள்ளே போய் வியர்வையை உலர்த்தும். நம் வெயிலுக்கு அதுதான் சரி. ஓட்டம் நின்றால் அதுவும் சுடும்.

நான் பார்த்தது அறுவடைக் காலத்தில். ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தது, கூட்டாளி அதில் ஏறிச் சறுக்கினான். கிளவுஸ் ஒன்று கையிலிருந்து கழன்று நெல்லுக்கு மேல் கிடந்தது. மணிக்கட்டில் பட்டி இல்லாத கிளவுஸ். உள்ளங்கைத் தோல் முழுக்கப் போய்விட்டது.

வாங்குகிறவர்கள் கவனியுங்கள். லேபிளில் இஎன் 17092 என்று இருக்கும், 2020இல் வந்த ஐரோப்பிய அளவுகோல் அது. ஏஏஏ மிக உயர்ந்தது, பிறகு ஏஏ, பிறகு ஏ. பி என்றால் துணி உரசலைத் தாங்கும், கார்ட் இராது. சி என்றால் கார்ட் மட்டும், துணியை நம்ப முடியாது. காத்தான்குடித் தங்கச்சி மேலே கோட் போடுவது அதனால் மிகச் சரி. கார்ட்டுக்குத் தனியாக இஎன் 1621-1. அடிபடும்போது உள்ளே கடத்தப்படும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனைத் தாண்டாவிட்டால் லெவல் 1, 20ஐத் தாண்டாவிட்டால் லெவல் 2. எந்த முத்திரையும் இல்லாத பஞ்சு வெறும் அலங்காரம். சின்ன உடம்புக்கு ஏ வகை, பெரியதற்கு பி வகை என்று கார்ட்டிலும் இரண்டு அளவு உண்டு (மேலே சொன்ன துணியின் ஏ, பி வேறு), ஒல்லியான ஆட்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அப்புறம், ஜிப்பைப் பூட்டி பைக்கில் உட்கார்ந்து முழங்கையை மடியுங்கள். கார்ட்டின் நடுக்குழி எலும்பு முனையில் உட்கார வேண்டும். மற்றவரிடம் சொல்லி அதை உள்ளே வெளியே திருகச் சொல்லுங்கள், கையின் துணியை மேலே இழுக்கச் சொல்லுங்கள். சுழன்றாலோ ஏறினாலோ வாங்க வேண்டாம். களுசானைப் (காற்சட்டை) போட்டு நின்றால் முழங்கால் கார்ட் கொஞ்சம் கீழே இருக்கும், உட்கார்ந்தால் முழங்கால் சிரட்டையில் வந்து சேரும். ஹெல்மெட்டில் எஸ்எல்எஸ் (இலங்கைத் தர) முத்திரையோடு நிறுத்தாமல், பட்டியைப் பூட்டிவிட்டுப் பின்பக்கத்தைப் பிடித்து முன்னே தள்ளிப் பாருங்கள். கழன்றால் அது உங்கள் தலைக்கு உரியதல்ல. லூசாக இருக்கிற ஜாக்கெட்டை டெய்லரிடம் கொடுத்துப் பிடித்துச் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

கல்முனைத் தையல்

கடைசி வரியைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். நான் டெய்லர்தான். ஒருவர் வேறு எங்கோ பிடித்துச் சின்னதாக்கிய ஜாக்கெட்டை விழுந்த பிறகு திருத்தக் கொண்டுவந்தார். துணி அப்படியே இருந்தது. தையல் மட்டும் தோளிலிருந்து மணிக்கட்டு வரை முழுதாகத் திறந்து கிடந்தது. சட்டைக்குப் போடுகிற சாதாரண நூலில் ஒற்றைத் தையல் ஓட்டியிருந்தார்கள். விரலை உள்ளே விட்டு மேலே கொண்டுபோனேன், எங்குமே தடைப்படவில்லை. அந்த வகை ஜாக்கெட்டில் தடித்த நைலோன் நூலில் இரண்டு மூன்று வரித் தையல் இருக்கும். அதைப் பிரித்தால் என் மெஷினில் திரும்பப் போட முடியாது.

தையலைத் தொடாமல் வெளியே பட்டி வைக்கலாம். முழங்கைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, வெல்குரோ போட்டு இறுக்கினால் கார்ட் ஓரளவு நிற்கும். தைக்கும் ஊசி கார்ட்டின் பையைக் குத்தக் கூடாது. தோள் அகலமாக இருந்தால் அதற்கு என்னிடம் வழி இல்லை, வேறு ஜாக்கெட்தான்.

காத்தான்குடித் தங்கச்சியிடம் ஒன்று கேட்கிறேன். அந்த வலைச் சட்டையில் கார்ட்டைக் கழற்றிக் கழுவலாமா? மகள் ஸ்கூட்டி பழகுகிறாள்.

காத்தான்குடி ஸ்கூட்டி

கழற்றலாம் நானா, கழுவின பிறகு நிழலில் காயப்போடுங்கள். மகளை நேரில் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். நெஞ்சு அளவை மட்டும் சொல்லி எடுப்பித்தால் முழங்கை பொருந்தாது.