பின்வேலி விழுந்துவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்துவிட்டார், யாராவது சொல்லுங்க

கோபிக்காரன்:
வணக்கமுங்க. வெளிநாடு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. செவ்வாய் ராத்திரி அடித்த காற்றில் வீட்டுக்குப் பின்னால் இருந்த மரவேலி சாய்ந்துவிட்டது. அப்பா ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கிறார். நான் வேலைக்குப் போன நேரத்தில் விழுந்த பலகைகளைப் பிரித்து ஓரமாக அடுக்கி, நாலு குச்சி நட்டு முள்கம்பி இழுத்துக் கட்டிவிட்டார். நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். பின்வீட்டில் நாய் இருக்கிறது, எங்கள் பையனுக்கு மூன்று வயது. நேற்று அந்த வீட்டுக்காரர் தபால் பெட்டியில் ஒரு கவர் போட்டிருக்கிறார். மேலே ஃபென்சிங் நோட்டீஸ் என்று அச்சடித்திருக்கிறது. புது வேலிச் செலவில் பாதி கேட்கிறார், 30 நாள் கெடு. கோர்ட் என்ற சொல்லும் இருக்கிறது. கையில் அவ்வளவு பணம் இல்லை. விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமா? பெண்டாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை. ராத்திரி தூக்கமே இல்லைங்க.

பெருந்துறையான்:
தம்பி, முதலில் உயரத்தை அளந்து பாருங்கள். அதுதான் முக்கியம். இங்கே இங்கிலாந்தில் வேலி 2 மீட்டர் வரை போகலாம், வண்டி ஓடும் சாலையை ஒட்டி இருந்தால் 1 மீட்டர்தான். அதற்கு மேல் போனால் திட்ட அனுமதி வாங்க வேண்டும். இது தெரியாமல் மூலை வீடு வாங்கிய முதல் வருடமே சாலைப் பக்கம் ஆள் உயரத்துக்குப் பலகை அடித்தேன். மகள் ஓடிவிடுவாள் என்ற பயம். இரண்டு மாதத்தில் கவுன்சிலிலிருந்து, அதாவது உள்ளூர் நிர்வாகத்திலிருந்து, கடிதம் வந்தது. அடித்ததை நானே டிசம்பர் குளிரில் அறுத்துக் குறைத்தேன், விரல் மரத்துப் போய் ரம்பம் பிடிக்க முடியவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஹீட்டரும் வேலை செய்யவில்லை, மூன்று பேரும் ஒரே அறையில் படுத்தோம். பாதிப் பணம் விஷயம் என்றால், அப்படிக் கேட்க இங்கே பொதுவான சட்டம் கிடையாது. பத்திரத்தோடு வரும் வரைபடத்தில் எல்லைக்கோட்டில் ஆங்கில 'டி' போல் ஒரு குறி உங்கள் பக்கம் இருந்தால் வேலி உங்கள் பொறுப்பாக இருக்கும். வீட்டைப் பார்த்து நின்றால் இடதுபக்க வேலி நம்முடையது என்று பலர் சொல்வார்கள், அது வெறும் பேச்சு. பணம் தராதீர்கள்.

சத்தி மச்சான்:
அண்ணா சொல்வது தப்பு, கொடுத்துத்தான் ஆக வேண்டும். 30 நாள் என்றாலே தெரிகிறது, கலிஃபோர்னியா. 2013-இல் கொண்டுவந்த சட்டப்படி எல்லை வேலிக்கு இரண்டு பக்கமும் சமபங்கு, 30 நாள் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்படிதான் செய்திருக்கிறார். ஆனால் குழி தோண்டுமுன் மண்ணுக்கடியில் குழாய் போகிறதா என்று கேட்க 811-க்கு அழைத்தீர்களா? கேஸ் குழாய் போனால் பெரிய ஆபத்து. நான் வந்த புதிதில் கார் இல்லாமல் நாலு மாதம், மளிகைக்குக்கூட யாரையாவது கெஞ்ச வேண்டியிருந்தது. அந்த நாட்களில் என்னிடம் பேசிய ஒரே ஆள் வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த கிழவர்தான். அவரோடு சண்டை போட்டுவிடாதீர்கள்.

காங்கயம் அப்பாரு:
கண்ணு, உங்கள் அப்பா செய்ததைக் குறை சொல்லாதே. நாங்கள் கொறங்காட்டில், மாடு மேயும் காட்டில், வளர்ந்த ஆட்கள். வேலி என்றால் கிளுவை மரம்தான். மழைக்கு முன்னால் கிளுவைக் குச்சியை வெட்டி வரிசையாக நட்டுவிட்டால் வேர் பிடித்து முள்ளோடு அடர்ந்துவிடும், மாடு தாண்டாது. நடும்போது பக்கத்துக் காட்டுக்காரரையும் கூப்பிட்டு, கயிறு பிடித்து, இரண்டு பேரும் பார்க்கத்தான் முதல் குச்சி நடுவோம். மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே வேலிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை, இருமல் சத்தம் மட்டும் கேட்கும். அடுத்த வீட்டுக்காரன் வாயால் கேட்காமல் கடிதம் போடுகிறான் என்றால் மனசு வலிக்கத்தான் செய்யும்.

தாராபுரம் தங்கச்சி:
அப்பாரு சொல்வது நூற்றுக்கு நூறு. எங்கள் வீட்டு வாசலில் குழந்தை அழுதால்கூட சத்தம் என்று சீட்டு எழுதி வைக்கிறார்கள். வேலி ஆட்கள் வந்து பார்க்கவே காசு கேட்கிறார்கள். ஊரில் வீட்டுக்காரம்மா கோபப்பட்டால் நேரில் வந்து திட்டிவிட்டு, போகும்போது காப்பி குடித்துவிட்டுப் போவார். இங்கே எல்லாமே கவருக்குள் வருகிறது.

சத்தி மச்சான்:
அதுவும் சரிதான். 

உடுமலை அக்கா, மெல்பர்ன்:
இத்தனை பேர் பேசிவிட்டோம், தம்பி எந்த நாட்டில் இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. எந்த ஊர் தம்பி? சொந்த வீடா, வாடகையா? இது தெரியாமல் யார் சொல்வதும் உங்களுக்கு உதவாது.

கோபிக்காரன்:
மன்னிச்சுக்கங்க அக்கா. மெல்பர்ன்தான், மேற்குப் பக்கம். வாடகை வீடு, ஒரு வருட ஒப்பந்தம்.

உடுமலை அக்கா, மெல்பர்ன்:
அப்படியானால் இன்று ராத்திரி தூங்குங்கள். நம் மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 1968-ஆம் ஆண்டின் வேலிச் சட்டம்தான் இதற்கு. எல்லை வேலிச் செலவைப் பக்கத்துப் பக்கத்து நிலங்களின் உரிமையாளர்கள் பாதிப் பாதியாகப் பகிர வேண்டும். ஒரு வருட ஒப்பந்தத்தில் இருக்கும் வாடகைக்காரர் தலையில் அது விழாது. பின்வீட்டுக்காரருக்கு நீங்கள்தான் உரிமையாளர் என்ற நினைப்பு. நோட்டீஸ் என்பது அந்தச் சட்டம் சொல்லும் முதல் படி, அவ்வளவுதான், யாரும் உங்கள் மேல் வழக்குப் போடவில்லை. பணம் யார் தருவது என்பது சிவில் விஷயம், குற்றம் அல்ல. விசாவோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அந்த 30 நாளை வீணாக்காதீர்கள். அதற்குள் பதில் வராவிட்டால் அவர் வேலியைப் போட்டுவிட்டுப் பங்குப் பணத்துக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகலாம், அது உங்கள் வீட்டு உரிமையாளரைப் பாதிக்கும். அதனால் நோட்டீஸின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து இன்றே வீட்டை வாடகைக்கு விட்ட ஏஜென்டுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். நீங்கள் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். பின்வீட்டுக்கும் நேரில் போய், நான் வாடகைக்கு இருக்கிறேன், ஏஜென்டுக்கு அனுப்பிவிட்டேன் என்று சொல்லுங்கள்.

சென்னிமலை ராசு:
அக்கா, அப்பா வேலியைப் பிரித்ததை ஏஜென்டிடம் சொல்லக் கூடாது. பாண்ட் பணத்தை, அதாவது வாடகை முன்பணத்தை, பிடித்துவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

உடுமலை அக்கா, மெல்பர்ன்:
சொல்லத்தான் வேண்டும் ராசு. பலகை அடுக்கியிருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும், மறைத்தால் காற்று சாய்த்ததையும் நம்ப மாட்டார்கள். பாண்ட் பணம் ஏஜென்ட் கையில் இல்லை, அரசின் பாண்ட் ஆணையத்தில் இருக்கிறது. நம் சம்மதமோ தீர்ப்பாய உத்தரவோ இல்லாமல் எடுக்க முடியாது. கையெழுத்துக் கேட்டபோது நீங்கள் போட்டுக் கொடுத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

தம்பி, முள்கம்பியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மூன்று வயதுப் பையன், நாய், இரண்டும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஓடும். பழைய பலகைகளைத் தூக்கி எறியாதீர்கள், தற்காலிகமாக அதையே நிறுத்தலாம். புதுக் குழி மட்டும் வேண்டாம், தோண்டுவதாக இருந்தால் மண்ணுக்கடியில் குழாய், கேபிள் போகிறதா என்று சொல்லும் பிஃபோர் யூ டிக் ஆஸ்திரேலியாவில் இலவசமாகக் கேட்டுவிட்டுத்தான் தோண்ட வேண்டும். வீடு பாதுகாப்பில்லாமல் இருக்கிறது, இது அவசரப் பழுது என்று ஏஜென்டுக்கு அந்த மின்னஞ்சலிலேயே எழுதுங்கள். அவர்களைப் பிடிக்கவே முடியாவிட்டால் 2,500 டாலர் வரை வாடகைக்காரரே அவசரப் பழுதைச் செய்து, ரசீது காட்டி 7 நாளில் திரும்ப வாங்க வழி இருக்கிறது. அப்பா பிரித்த சிக்கல் நடுவில் இருப்பதால் அவர்களைக் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம்.

உயரம் பற்றிப் பெருந்துறை அண்ணன் சொன்னது இங்கிலாந்துக் கணக்கு. இங்கே பின்வேலி 2 மீட்டருக்குள் இருந்தால் கட்டட அனுமதி பொதுவாகத் தேவைப்படாது. முன்வேலியும் தெருமூலையும் வேறு கணக்கு, அது இப்போது உங்களுக்கு வேண்டாம். பாதிப் பணச் சண்டையில் கவுன்சில் தலையிடாது, அங்கே அலைந்து ஒரு நாளை வீணாக்காதீர்கள்.

பெருந்துறையான்:
அக்கா சொல்வதைக் கேளுங்கள் தம்பி. நாடு தெரியாமல் நான் சொல்லியிருக்கக் கூடாது.

கோபிக்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. ஏஜென்டுக்கு அனுப்பிவிட்டேன், உரிமையாளரிடம் பேசுகிறோம், இன்னொரு கொட்டேஷன் வாங்குகிறோம் என்று பதில் வந்தது. அப்பா கம்பியைச் சுருட்டி வைத்துவிட்டார். நான் சொல்லப் போனபோது பின்வீட்டுக்காரரும் வந்து பலகை பிடித்தார், அப்பாவுக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது, இருந்தும் இரண்டு பேருமாக இருட்டுவதற்குள் ஒரு பக்கம் முழுக்க நிறுத்திவிட்டார்கள். வீட்டிலும் சொல்லிவிட்டேன் அக்கா. முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.