ஓபியில் ஏஐ: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

கிராமத்து ஸ்டெத்:
நானே ஆரம்பிக்கிறேன். பேச்சைக் கேட்டு கேஸ் ஷீட் எழுதித் தருகிற ஆப் ஒன்றை ஆறு மாதமாக வைத்திருக்கிறேன். தினமும் ஓபி நூறைத் தாண்டும் ஊர், அதனால் ஏன் என்று கேட்காதீர்கள். 68 வயது அம்மா ஒருவர், சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. உட்கார்ந்ததும் "ரெண்டு நாளா மயக்க மயக்கமா வருது சார்" என்றார். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, அவ்வளவுதான். நிற்க வைத்து பிபி பார்த்தால் மேல் அளவு 100 கூட இல்லை. மாத்திரையைக் குறைத்தேன். மகன் கேட்டாரே என்று டவுனில் இருக்கும் நரம்பு டாக்டருக்கு ஒரு லெட்டரும் கொடுத்தேன். ஆப் எழுதிய அந்த லெட்டரில் "இரண்டு நாட்களாகத் திரும்பத் திரும்ப நினைவிழப்பு" என்று இருந்திருக்கிறது. படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா வந்தார். மஞ்சப்பையிலிருந்து எம்ஆர்ஐ, இஇஜி, 24 மணி நேர ஈசிஜி என்று ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்கினார். எல்லாம் நார்மல். "நான் எப்ப சார் நெனவு தப்பி விழுந்தேன்?" என்று கேட்டார். கோபமே இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தோட்டை அடகு வைத்ததை வெளியே போகும்போது மருமகள் சொன்னாள்.

நைட் டூட்டி:
@கிராமத்து ஸ்டெத் சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், படிக்காமல் கையெழுத்துப் போட்டது ஆப் இல்லையே. ஹவுஸ் சர்ஜன் எழுதும் சம்மரியில் இதைவிட மோசமான கூத்தெல்லாம் பார்த்திருக்கிறோம்.

என் கதை எதிர்ப்பக்கம். கேஷுவால்டி, விடியற்காலை மூன்றரை. பாத்ரூமில் வழுக்கி விழுந்த பாட்டி, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். தலை சிடி பார்த்தேன், ஒன்றுமில்லை என்று சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டேன். ரேடியாலஜிஸ்ட் காலையில்தான் வருவார். எங்களிடம் ஒரு சாஃப்ட்வேரும் படத்தைப் படிக்கும். திரும்பிப் பார்த்தால் திரையில் சிவப்புக் கட்டம். மண்டையோட்டை ஒட்டி நகக்கீறல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. சப்டியூரல், அதாவது மண்டைக்குள் மூளைக்கு வெளியே ரத்தக்கசிவு. படத்தின் விண்டோவை (வெளிச்ச அளவை) மாற்றியதும் எனக்கே பளிச்சென்று தெரிந்தது. பாட்டி அதற்குள் வீல்சேரில் ஏறி, "எஞ்செருப்பு எங்கடா?" என்று பேரனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஸ்கோப் ஆசாமி:
@நைட் டூட்டி, கட்டம் வந்தது நல்லதுதான். ஒரு வருடம் கட்டத்துக்குப் பழகிய பிறகு கட்டம் இல்லாத படத்தை எப்படிப் பார்ப்பீர்கள்? 2025-ல் லான்செட்டின் குடல்நோய் இதழில் போலந்து ஆய்வு ஒன்று வந்தது. கொலனோஸ்கோபிக்கு (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) ஏஐ வந்த பிறகு, அதே டாக்டர்கள் ஏஐ இல்லாமல் செய்த கேஸ்களில் அடினோமா (புற்றுநோயாக மாறக்கூடிய கட்டி) கண்டுபிடிக்கும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4-க்கு இறங்கியிருந்தது. வேறு காரணமும் இருக்கலாம், ஒரு ஆய்வை வைத்து என்ன சொல்வது என்று நானே வாதாடியவன்தான்.

அப்புறம் எங்கள் ஏஐ மெஷின் மூன்று வாரம் சர்வீஸுக்குப் போனது. பழைய மெஷினில் முதல் கேஸ். ஸ்கோப்பை மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டே வருகிறேன். ஒரு மடிப்பில் நின்று, கை சும்மா இருக்க, திரையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். டெக்னீஷியன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், அது இன்னிக்கு வராது."

கிட்னிக்காரன்:
நம் ஊரில் கிரியாட்டினினுக்கு (கிட்னி கெட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) பெயர் "உப்பு". இருபது வருடமாக நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். ஒரு பெரியவரிடம் "உப்பு 4.2 ஆயிருக்குங்க, அடுத்த வாரம் கண்டிப்பா வந்துடுங்க" என்று சொல்லி அனுப்பினேன். வரவில்லை. ஐந்து வாரம் கழித்து மூச்சு வாங்க, முகம் வீங்கி எமர்ஜென்சிக்கு வந்தார். ஏன் வரவில்லை என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

காலேஜ் படிக்கும் மகள் ஒன்றும் பேசாமல் போனை நீட்டினாள். "அப்பாவுக்கு ரத்தத்தில் உப்பு 4.2 இருக்கிறதாம், ஆபத்தா?" என்று ஏஐயிடம் கேட்டிருக்கிறாள். பதில் நல்ல தமிழில், பணிவாக வந்திருக்கிறது: பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருக்கலாம், 4.2 இயல்பான அளவு, கவலைப்பட வேண்டாம். அதற்குக் கீழே அவள் நன்றி சொல்லி, கும்பிடும் கை படம் போட்டிருந்தாள்.

பொட்டாசியம் என்று எடுத்துக்கொண்டால் பதிலில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் உறுத்துகிறது. "உப்பு" என்று சொல்லி அனுப்பியவன் நான். இப்போதெல்லாம் சீட்டில் "கிரியாட்டினின்" என்று தமிழிலேயே பெரிதாக எழுதி, பக்கத்தில் எண்ணையும் எழுதிக் கொடுக்கிறேன். அந்தப் பெரியவருக்கு இப்போது வாரம் இரண்டு டயாலிசிஸ்.

91 பேட்ச்:
என் அனுபவம் சின்னது. ஒரு கருத்தரங்குக்கு ஏஐ கொடுத்த ஐந்து ஆய்வுக் கட்டுரை மேற்கோள்களை ஸ்லைடில் போட்டேன். முன்வரிசையில் இருந்த என் பழைய மாணவி போனில் தேடிப் பார்த்துவிட்டு, "சார், மூணாவது பேப்பர் உலகத்துலயே இல்ல" என்றாள்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் பெயர், ஐபி நம்பர் (உள்நோயாளி எண்), போன் நம்பர், முகம் தெரியும் படம் எதையும் ஏஐயில் போடாதீர்கள் தம்பிகளா. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலையும் ஒருமுறை படியுங்கள். ஏஐ நோயாளிக்கு நேரடியாக ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது, டாக்டருக்கு உதவலாம் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. கேள்வி கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். "இது டெங்குவா?" என்று கேட்டால் ஆமாம் சாமிதான் போடும். "இந்தக் காய்ச்சலில் நான் எதைக் கோட்டை விட்டிருக்கலாம்?" என்று கேளுங்கள், ஸ்க்ரப் டைஃபஸை (பூச்சிக் கடியால் வரும் காய்ச்சல்) ஞாபகப்படுத்தும், கடித்த இடத்துப் புண்ணைத் தேடி அக்குளைத் திறந்து பார்க்கத் தோன்றும். குழந்தை டோஸை மட்டும் அதன் கணக்கில் விடாதீர்கள், எடை போட்டு நீங்களே பெருக்குங்கள். இன்சூரன்ஸ் லெட்டர், டூட்டி ரோஸ்டர், பிஜி பையன்களுக்கு எம்சிக்யூ, இதற்கெல்லாம் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். தமிழ்த் துண்டுச்சீட்டும் நன்றாக எழுதும், சிஸ்டரை ஒருமுறை படிக்கச் சொன்னால் போதும்.

வார்டு சிஸ்டர்:
டாக்டர்கள் பேசுகிற இடத்தில் நுழைகிறேன், மன்னிக்கணும். @91 பேட்ச் சார், "சிஸ்டரைப் படிக்கச் சொன்னால் போதும்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த சிஸ்டர் நான்தான்.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் ஆரம்பித்த ஒரு அக்கா, டிஸ்சார்ஜ். டாக்டர் ஆங்கிலத்தில் எழுதியது சரிதான்: மெத்தோட்ரெக்சேட் திங்கட்கிழமை மட்டும், ஃபோலிக் ஆசிட் மற்ற நாட்களில். ஏஐ தமிழாக்கத்தில் இரண்டு வரியும் ஒரே வரியாகிவிட்டது: "இந்த இரு மாத்திரைகளையும் தினமும் இரவு உணவுக்குப் பின் உட்கொள்ளவும்." எங்கள் பார்மசியில் இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரைகள். மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் சாப்பிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்களின் கவுண்ட் விழுந்து வந்த ஒருவரை முன்பே பார்த்திருக்கிறேன். அதனால்தான் கண்ணில் பட்டது. அன்றைக்கு எனக்கு முப்பத்திரண்டு பெட். அக்கா லிஃப்ட் வரைக்கும் போய்விட்டார். ஓடிப்போய் சீட்டை வாங்கி, கைப்பிடிச் சுவரில் வைத்து "திங்கள்" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். "அழகா பிரிண்ட் போட்டிருந்ததைக் கிறுக்கிட்டீங்களே சிஸ்டர்" என்றார்.

ஐசியூ பிஜி:
இதை எங்கே சொல்வது என்று தெரியவில்லை, இங்கேயே எழுதுகிறேன். முதல்முறையாக ஒரு மரணச் செய்தியைச் சொல்ல வேண்டும். சீனியர் வேறு வார்டில். பத்து நிமிடம் இருந்தது. கழிவறைக்குப் போய் ஏஐயிடம் "நீ இறந்தவரின் கணவர், நான் டாக்டர்" என்று டைப் செய்து ஒத்திகை பார்த்தேன். அது கோபப்பட்டது, அழுதது, "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்துகொண்டேன்.

வெளியே வந்து சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கையிலிருந்த சாப்பாட்டுப் பையை பெஞ்சில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வண்டிய எந்த கேட்டுக்கு வரச் சொல்லட்டும் மேடம்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. செக்யூரிட்டியிடம் ஓடிப்போய்க் கேட்டேன். பின்பக்க கேட்டாம், ராத்திரி பத்துக்கு மேல் பூட்டிவிடுவார்களாம், சாவி அவரிடம்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒத்திகையே பார்ப்பதில்லை என்று சொல்ல மாட்டேன். போன வாரம்கூடப் பார்த்தேன்.