ஃபேன் சர்வீஸுக்குத் தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம். அனிமே எனப்படும் ஜப்பானிய அசைபடத் தொடர்களில், கதைக்குத் தேவையில்லாமல் ரசிகர்களைக் குளிரவைக்கவே சேர்க்கும் காட்சியை ‘ஃபேன் சர்வீஸ்’ என்கிறார்கள். அதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> ‘ரசிகர் சேவை’ என்று நேராகச் சொன்னால் என்ன? எல்லாருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். ரசிகர் சேவை என்றதும் மன்றத்து ஆட்கள் மோர்ப்பந்தல் வைப்பதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. சண்டைக்கு நடுவே கேமரா காரணமே இல்லாமல் நாயகியின் இடுப்பில் போய் நிற்கிறதே, அதில் என்ன சேவை இருக்கிறது?

இது ஆங்கிலச் சொற்களை எடுத்து ஜப்பானியர்கள் தாங்களே கட்டிக்கொண்ட தொடர். அவர்கள் வாயில் ‘ஃபான் சாபிஸு’. அங்கே சாபிஸு என்பதற்குக் காசில்லாமல் கூடுதலாகக் கொடுப்பது என்றும் பொருள் உண்டு. சாப்பாட்டுக் கடையில் நாம் கேட்காத ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்து ‘சாபிஸு’ என்பார்கள். அது பில்லில் வராது. 1995இல் வந்த இவாங்கெலியன் தொடரில், அடுத்த பகுதிக்கான முன்னோட்டத்தைச் சொல்லும் மிசாதோ என்ற பாத்திரம், ‘அடுத்த தடவையும் சாபிஸு, சாபிஸு!’ என்று குழைவாள். மனித குலமே அழியப்போகிற கதை, அதற்குக் காய்கறிக்கடைப் பேச்சில் ஒரு விளம்பரம்!

காய்கறிக்கடை என்று சும்மா சொல்லவில்லை. கத்தரிக்காயை நிறுத்துப் போட்டபிறகு பையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை விழுமே, அந்தக் கொசுறுதான் இது. எனவே என் பரிந்துரை: கொசுறுக் காட்சி. ‘இந்த இயக்குநர் கொசுறு அதிகம் போடுவார்’ என்று வினையாகவும் ஓடும்.

> ‘கவர்ச்சிக் காட்சி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

அது பாதியைத்தான் பிடிக்கும். 1982இல் வந்த மேக்ரோஸ் தொடரில் நூல்கண்டு அவிழ்ந்தாற்போல் புகைக்கோடு இழுத்துக்கொண்டு ஏவுகணைகள் கூட்டமாகப் பாயும். வரைந்தவர் இச்சிரோ இடானோ. அவர் பெயராலேயே ‘இடானோ சர்க்கஸ்’ என்கிறார்கள். இயந்திரப் பித்தர்களுக்கு அதுவும் கொசுறுதான். பழைய வில்லன் ஒரே ஒரு நொடி தலைகாட்டிவிட்டுப் போவதும் அப்படியே. உடம்பைக் காட்டுவதும் பெண்களோடு நிற்பதில்லை. 1984இல் தொடங்கிய ஹோகுட்டோ நோ கென் தொடரில் நாயகன் கென்ஷிரோவுக்குக் கோபம் வந்தால் தசை புடைத்துச் சட்டை கிழிந்து பறக்கும். அடுத்த காட்சியில் சட்டை முழுசாக இருக்கும், அதை யாரும் கேட்கக்கூடாது.

இதில் என்ன ஈர்ப்பு என்று போன மடலில் கேட்டிருந்தார்கள். கடைக்காரர் முகம் தெரிந்து கொடுக்கிற கறிவேப்பிலைக்கு ஒரு ருசி உண்டு. ‘நீ எதற்கு வருகிறாய் என்று எனக்குத் தெரியும்’ என்று படைப்பாளி கண்ணடிக்கிறார். ஆனால் பாத்திரத்தில் ஆள் இருந்தால்தான் அந்தக் கண்ணடிப்பும் நிற்கும். கௌபாய் பீபாப் தொடரில் (1998) ஃபே வேலன்டைன் அறிமுகமாகும்போது மஞ்சள் உடையும் சூதாட்ட மேசையுமாகக் கொசுறே உருவெடுத்து வந்ததுபோல் இருப்பாள். அப்புறம்தான் அவள் 54 ஆண்டு உறைநிலைத் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவள், நினைவு போனவள், தலைமேல் கடன் என்பதெல்லாம் தெரியவரும். ஒரு பகுதியில் பழைய வீடியோ நாடா ஒன்று வந்து சேரும். அதில் சிறுமி ஃபே, வருங்கால ஃபேவை உற்சாகப்படுத்திக் கத்துவாள். பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு அந்தச் சிறுமி யாரென்றே நினைவில்லை. அதன்பிறகு அந்த மஞ்சள் உடையைப் பழைய கண்ணால் பார்க்க எனக்கு முடியவில்லை.

----

தம்பிக்கு,

சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு முட்டு. பின்னிரவுத் தொடர்கள் சிலவற்றில், தொலைக்காட்சியில் வரும்போது உடம்பின் மேல் நீராவியோ வெள்ளை ஒளியோ வந்து மறைக்கிறது. டிவிடி போன்ற வட்டாக வாங்கினால் மறைப்பு இல்லை. அதைப் பார்ப்பதற்கென்றே காசு கொடுத்து வட்டு வாங்குகிறார்கள். காசு கொடுத்து வாங்குவது எப்படிக் கொசுறாகும்? கறிவேப்பிலையை நிறுத்து விற்றால் அது சரக்குத்தானே?

இன்னொன்று: நடுவில் ‘க்’ எதற்கு? ‘கொசுறு’ உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். அதன்பின் வல்லினம் மிகாது.

----

ஐயா,

முட்டு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. அந்த மர்ம ஒளித் தொடர்களுக்கு இந்தச் சொல் பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம். அங்கே கறிவேப்பிலைதான் வியாபாரம், கத்தரிக்காய் ஒப்புக்கு. அவற்றைக் கவர்ச்சித் தொடர் என்றே சொல்லிக்கொள்ளலாம். ஃபான் சாபிஸு என்று ஒரே பெயரில் இரண்டையும் ஜப்பானியர்கள் அடைத்துவிட்டார்கள் என்பதற்காக நாமும் அப்படிச் செய்யவேண்டியதில்லை.

‘க்’கை எடுத்துவிட்டேன். ‘கொசுறு காட்சி’ என்றே விக்சனரி இணைய அகராதியில் ஏற்றுகிறேன்; மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.