இரவு தங்காதது பயணமா?

தொலைவானம்:
இந்தக் கோடையில் தம் நகரத்துக்கு உள்ளேயும் அதை ஒட்டிய ஊர்களுக்கும் காலையில் போய் மாலையில் வீடு திரும்பிய ஒருவர், "பதினொரு பயணங்கள் முடித்துவிட்டேன்" என்று நேற்று இங்கே எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்கு எரிச்சல் வந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. இரவில் வேறொரு கூரையின் கீழ் படுக்காதவர் பயணம் செய்தவர் ஆகமாட்டார். சொந்தத் தலையணைக்கே திரும்பினால் அதற்குப் பெயர் வெளியே போய்வருதல், அவ்வளவுதான்.

நடைவண்டி:
அந்தப் பதினொன்றையும் எழுதியவள் நான்தான். ஒன்றைக்கூடக் குறைத்துக்கொள்ள மாட்டேன். இங்கிலாந்தில் 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் சுமார் 500 பேரை லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் அழைத்துப் போனார். தூரம் 20 கிலோமீட்டருக்கும் குறைவு. மதுவிலக்குக் கூட்டத்துக்குப் போன அவர்கள் அனைவரும் அன்றே ஊர் திரும்பினார்கள். நவீனச் சுற்றுலாத் தொழிலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த ஒரு நாளைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அந்த 500 பேரிடமும் போய், நீங்கள் பயணமே செய்யவில்லை என்று சொல்வீர்களா?

தொலைவானம்:
சொல்வேன். அவர்கள் கூட்டத்துக்குப் போனார்கள், திரும்பினார்கள். ஓர் ஊர் தன் முகத்தைக் காட்டுவது விடியற்காலையில்தான். கடைக் கதவுகள் இன்னும் ஏறாத தெருவில் துடைப்பத்தின் ஓசை மட்டும் கேட்கும், முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று பல் துலக்குவார், நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது ஒரு கணம் நமக்கே மறந்துபோகும். பத்து மணிக்கு வந்து இறங்கி, ஆறு மணி வண்டிக்குக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பவருக்கு இது கிடைக்குமா? இரவு தங்க வேண்டும்.

மணற்கடிகாரம்:
இதில் சண்டைக்கே இடமில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் 2008ஆம் ஆண்டுச் சுற்றுலாப் புள்ளிவிவரப் பரிந்துரைகள், தம் வழக்கமான சூழலை விட்டு வெளியே போகும் இருவகையினரையும் 'வருகையாளர்' என்றே சொல்கின்றன. இரவு தங்கினால் சுற்றுலாப் பயணி, தங்காவிட்டால் ஒருநாள் வருகையாளர். இரண்டு பேர் மேற்கொள்வதும் பயணமே.

தொலைவானம்:
பார்த்தீர்களா, இரவு தங்குபவருக்குத்தான் 'பயணி' என்ற பெயரையே கொடுத்திருக்கிறார்கள்.

நடைவண்டி:
மணற்கடிகாரம் எழுதியதன் கடைசி வரியை நீங்கள் படிக்கவே இல்லை. போகட்டும். என் அம்மா மூன்று ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். பகலில் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கும், இரவுக்குக் கிடைக்காது. ஒன்பதாவது பயணத்தில், நான் பிறந்ததிலிருந்து பேருந்தில் கடந்துபோன பழைய இரும்புப் பாலத்தை முதன்முறையாக நடந்து கடந்தேன். தூணின் அடியில், வெள்ளம் எதுவரை ஏறியது என்று ஆண்டுவாரியாகக் கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். மிக உயரத்தில் இருந்த கோடு என் தலைக்கு மேல் ஒரு முழம் இருந்தது. அதன் கீழ் நின்று நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. இதைப் பயணம் இல்லை என்று சொல்லும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது?

இரண்டாம்தளம்:
அம்மாவின் நிலைக்கு வருந்துகிறேன். ஆனாலும் தொலைவானம் பக்கம் ஒரு காரணம் இருக்கிறது. தாரும் கான்கிரீட்டும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில்தான் மெல்ல வெளியே விடுகின்றன. அதனால்தான் நகரத்தின் இரவு சுற்றுப்புறக் கிராமங்களின் இரவைவிடச் சூடாக இருக்கிறது. ஒருநாள் போய்வருபவர் உச்சி வெயிலை அங்கே வாங்கிக்கொண்டு, புழுக்கத்தை அனுபவிக்க வீட்டுக்கு வருகிறார். அதிலும் தனிக் காரில் போய் நெரிசலைக் கூட்டுகிறவர்களைப் பற்றி நான் பேசவே தொடங்கவில்லை.

நடைவண்டி:
நான் காரில் போனேன் என்று யார் சொன்னது? பதினொன்றும் ரயிலிலும் பேருந்திலும்தான். வெயிலைப் பற்றிக் கவலைப்படுகிற நீங்கள், சென்ற கோடையில் இதே இடத்தில் நான்கு நாள் விடுமுறைக்கு விமானத்தில் பறந்ததைப் பெருமையாக எழுதியவர்தானே?

இரண்டாம்தளம்:
அது குடும்பத் திருமணம். அதை இங்கே இழுப்பது நாகரிகம் அல்ல.

தொலைவானம்:
பேச்சு திசைமாற வேண்டாம். நெதர்லாந்தில் நீண்ட விடுப்பில் சென்ற 54 ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்து, 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களுடைய உடல்நலமும் மனநிறைவும் உச்சத்தைத் தொட்டது எட்டாம் நாளில். எட்டு நாள் என்றால் ஏழு இரவுகள். இரவு இல்லாமல் அந்த உச்சம் வராது.

நடைவண்டி:
அதே ஆய்வின் மறுபாதியை நான் சொல்கிறேன்: வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே அந்த நிறைவு பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. மூன்று வாரம் அலைந்து சேர்த்தது ஒரு வாரம்கூட நிற்கவில்லை. எனக்கோ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மறுநாளை நினைத்தே நெஞ்சு துள்ளியது. பாதியை மட்டும் காட்டுவது உங்களுக்குப் புதிதல்ல, ஐயா. முன்பு நான் ஒரு ரயிலின் நேரத்தைத் தவறாக எழுதியபோது, அடுத்த வரியிலேயே திருத்தியிருந்ததை விட்டுவிட்டு மூன்று நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

தொலைவானம்:
தவறான நேரத்தை நம்பிப் போய் நடைமேடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் நான். அதை மறக்கச் சொல்லாதீர்கள்.

மணற்கடிகாரம்:
வழக்கமான சூழல் எது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால்…

நடைவண்டி:
வேண்டாம், மணற்கடிகாரம். பாலத்தின் அடியில் நின்றபோது அது எனக்கு வழக்கமான சூழலா என்று எவரிடமும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சனிக்கிழமை விடியற்காலை வண்டியில் பன்னிரண்டாவதற்குப் போகிறேன். அதையும் பயணம் என்றே எழுதுவேன்.

தொலைவானம்:
எழுதுங்கள். அன்றிரவு எங்கே படுத்தீர்கள் என்று நானும் கேட்பேன்.